வலிக்காத ஞானப்பல்லை எடுக்கத்தான் வேண்டுமா?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதம் நான் பேச வேண்டும் என்று காரியதரிசி சொன்னதும், டெலிஃபோன் கதைகள்தான் வரப்போகின்றன என்று பலர் நினைத்திருப்பீர்கள். 1973இல் தபால் தந்தி இலாகாவில் சேர்ந்து, தொலைத்தொடர்பிலேயே ஓய்வு பெற்றவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது பல். அதிலும் கடைவாயில் கடைசியாக முளைக்கும் ஞானப்பல். அதிலும் வலிக்காத ஞானப்பல். வலிக்கிற பல்லைப் பற்றிப் பேச உபந்யாஸம் தேவையில்லை, அது தானே நம்மை டாக்டரிடம் அழைத்துப் போய்விடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். போன வருஷம் எங்கள் வீட்டில் இந்த விஷயமாக ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. அதற்காகப் படித்ததையும், மூன்று பல் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்லப்போகிறேன். உங்கள் பல்லுக்கு உங்கள் டாக்டர்தான் பிரமாணம்.

நம் வீடுகளில் இது ஏன் அடிக்கடி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஜூன், ஜூலை வந்தால் ஏதாவது ஒரு குழந்தை எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புகிறது. பருப்புப் பொடி, ஊறுகாய், குட்டி குக்கர், இண்டக்ஷன் அடுப்பு என்று ஒரு ஜாபிதா தயாராகும். சமீப காலமாக அந்த ஜாபிதாவில் "ஞானப்பல் எடுத்தல்" என்ற வரியும் சேர்ந்துவிட்டது. அங்கே பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவைப் பற்றி ஏற்கெனவே போனவர்கள் சொல்லும் கதைகள் அப்படி. மாணவர்கள் எடுக்கும் மருத்துவ இன்சூரன்ஸில் பெரும்பாலும் பல் சேர்வதில்லை, அதற்குத் தனிப் பாலிஸி வேண்டும். அதனால் "போவதற்கு முன்னாடி நாலையும் பிடுங்கி எறிந்துவிடு" என்பது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவருகிறது.

சரி, இந்தப் பல் என்ன பல்? மற்றப் பற்கள் எல்லாம் 12, 13 வயதுக்குள் வந்துவிடுகின்றன. இது மட்டும் 17 வயதிலிருந்து 25 வரை எப்போது வேண்டுமானாலும் வரும். புத்தி வருகிற வயதில் வருகிறது என்பதால் லத்தீனிலும் ஞானத்தின் பெயர், நம் ஊரிலும் ஞானப்பல். இங்கே மராத்திக்காரர்களும் ஹிந்திக்காரர்களும் 'அக்கல் தாட்' என்கிறார்கள். சரக ஸம்ஹிதையின் சாரீர ஸ்தானத்தில் மனித உடலில் 360 எலும்புகள் என்று கணக்குச் சொல்லும்போது, பற்கள் 32, அவை உட்கார்ந்திருக்கும் குழிகள் 32 என்று அவற்றையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். ஆகவே இந்த நாலும் கணக்கில் சேர்ந்தவைதான், உபரி இல்லை.

ஆனால் எல்லோருக்கும் 32 முளைப்பதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உலகத்தில் நூற்றுக்கு சுமார் 22 பேருக்கு ஞானப்பல் ஒன்றாவது பிறவியிலேயே கிடையாது என்று தெரிகிறது. கிட்டத்தட்ட அதே அளவு பேருக்குப் பல் இருக்கிறது, வெளியே வர இடமில்லாமல் மாட்டிக்கொள்கிறது. சிலருக்கு முன்னால் இருக்கிற பல்லின்மேல் சாய்ந்துகொள்ளும், சிலருக்குப் பின்பக்கம் சாயும், சிலருக்குப் படுத்தேவிடும். நம் தாடை ஏன் சிறுத்தது என்பதற்கு, சமைத்து மெத்தென்ற ஆகாரம் சாப்பிட ஆரம்பித்ததால் தாடைக்கு வேலை குறைந்தது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். நம்மாத்துக் குழைந்த தயிர்ச்சாதத்தை நினைத்தால் எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். "வலி இல்லை" என்பது ஒரு வாக்கியம். "நோய் இல்லை" என்பது வேறு ஒரு வாக்கியம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எடு என்பவர்களும் எடுக்காதே என்பவர்களும் ஒருவருக்கொருவர் பிடிகொடுக்காமல் பேசிக்கொண்டே போகிறார்கள்.

பல்லின் மேல் ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை அதைத் துளைத்துக்கொண்டிருக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்கைத் தாண்டி நடுவில் இருக்கும் நரம்பை நெருங்கும்போதுதான் விண்விண் என்று தெறிக்கும். ஞானப்பல் முன்பக்கமாகச் சாய்ந்து பாதி வெளியே வந்திருந்தால், அதற்கும் முன்பல்லுக்கும் நடுவே ஒரு சந்து உண்டாகிறது. அந்தச் சந்தில் பிரஷ் போகாது, சாதப் பருக்கை போகும். அங்கே சொத்தை பிடித்தால் அது ஞானப்பல்லோடு நிற்பதில்லை. முன்னால் இருக்கும் இரண்டாவது கடைவாய்ப் பல்லின் பின்புறக் கழுத்தையும் அரிக்கிறது. அதுதான் நாம் தினமும் மெல்லுகிற, நமக்கு வேண்டிய பல். ஈறும் அப்படித்தான். இரண்டு பல்லுக்கும் நடுவே ஈறு விலகிப் பை மாதிரி ஆழமாகி எலும்பு கரைந்துகொண்டிருக்கும், வலியே இருக்காது. முளைக்காத பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளர்வதும் உண்டு, அது அபூர்வம். அதுவும் பெரிதாகும்வரை மௌனமாகவே இருக்கும்.

ஆகையால் வலி இல்லாத பல் இரண்டு ஜாதி. வலியும் இல்லை நோயும் இல்லை என்பது ஒன்று. வலி இல்லை, ஆனால் நோய் இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது ஜாதியைப் பற்றி டாக்டர்களுக்குள் பெரிய அபிப்பிராய பேதம் கிடையாது, சிகிச்சை செய்ய வேண்டியதுதான். சண்டையெல்லாம் முதல் ஜாதியைப் பற்றித்தான்.

அந்தச் சண்டை எப்படி நடந்தது என்பது சுவாரசியமானது. இங்கிலாந்தில் அரசாங்கச் செலவில் எந்த வைத்தியம் செய்யலாம், எது வீண் என்று பரிசீலித்துச் சொல்வதற்கு 1999இல் 'நைஸ்' என்று ஒரு அமைப்பை ஏற்படுத்தினார்கள். வைத்திய முறைகளை மதிப்பிட்டு அது வெளியிட்ட வழிகாட்டுதல் வரிசையில் முதல் எண் எதற்குத் தெரியுமா? புற்றுநோய்க்கும் இல்லை, இருதயத்துக்கும் இல்லை, ஞானப்பல்லுக்கு! 2000ஆம் வருஷம் மார்ச் மாதம் அது வந்தது. நோயில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கும் ஞானப்பல்லை முன்ஜாக்கிரதைக்காக எடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள் என்று அதில் சொன்னார்கள். அடைக்க முடியாத சொத்தை, சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, பக்கத்துப் பல் அரிபடுவது போன்றவை இருந்தால் மட்டும் எடுக்கலாம். பல்லை மூடியிருக்கும் ஈறு ஒரு தடவை வீங்கியது என்பதற்காகக்கூட, அது கடுமையாக இல்லாவிட்டால் எடுக்க வேண்டாம், இரண்டாம் தடவை வந்தால் யோசிக்கலாம் என்றார்கள்.

அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே காலேஜ் போகும் வயதில் நாலையும் எடுத்துவிடுவது சகஜம். ஜே ஃப்ரீட்மன் என்ற பல் டாக்டர் 2007இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் இதைக் கண்டித்து எழுதினார். வருஷத்துக்கு சுமார் 50 லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள் எடுக்கப்படுகின்றன, மூன்றில் இரண்டு பங்காவது அவசியமில்லாதவை என்பது அவர் வாதம். மறு வருஷமே அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் முன்ஜாக்கிரதைக்காக எடுப்பதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அங்கேயுள்ள தாடை அறுவை நிபுணர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் வேர் முழுதாக வளர்வதற்குள் எடுப்பது சுலபம், நாற்பதில் எடுப்பது கஷ்டம், எப்படியும் பலருக்கு ஒருநாள் எடுக்க வேண்டி வரும் என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்கு அதில் வரும்படி இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் வரும்படி இருப்பதாலேயே ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது.

உண்மையில் இங்கிலாந்தில் பிறகு நடந்ததைப் பார்த்தால் அவர்கள் வாதத்திலும் சத்து இருக்கிறது. 2000க்குப் பிறகு சில வருஷங்கள் ஞானப்பல் எடுப்பது வெகுவாகக் குறைந்தது. பிறகு மெள்ள மெள்ள ஏற ஆரம்பித்தது. எடுத்துக்கொள்பவர்களின் சராசரி வயது 25 வாக்கில் இருந்தது முப்பதைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலர் பல்லில் சொத்தையோடு வந்தார்கள், முன்பல்லின் பின்புறத்தில் பிடித்த சொத்தையும் அதில் சேர்த்தி. அதாவது, எடுக்காதே என்ற உத்தரவு பிறந்தது. விட்ட பல்லை யார் கவனிப்பது என்ற கேள்விக்குப் பல இடங்களில் பதில் இல்லை. சர்க்கார் ஆபீஸில் ஃபைலைப் 'பெண்டிங்' என்று வைத்தால் அதை மறுபடி எடுத்துப் பார்க்கும் தேதியையும் எழுத வேண்டும். தேதி எழுதாத பெண்டிங் ஃபைல் என்ன கதியாகும் என்று இந்த ஸபையில் பாதிப் பேருக்குத் தெரியும். 2020இல் இங்கிலாந்தின் ராயல் காலேஜ் பல் அறுவைப் பிரிவு வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில், நோயாளியோடு கலந்து பேசி, ஒவ்வொரு பல்லின் அபாயத்தையும் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்ற போக்கு வந்துவிட்டது.

வைத்திய ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்துச் சொல்லும் காக்ரேன் என்ற அமைப்பும் இதை ஆராய்ந்திருக்கிறது. அவர்களின் 2020ஆம் வருஷத்து அறிக்கையைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோடிக்கணக்கில் பல் எடுக்கப்படும் ஒரு விஷயத்தில், அவர்கள் அளவுகோலுக்குத் தேறிய ஆய்வுகள் இரண்டே இரண்டு! ஒன்று, இங்கிலாந்தில் 164 இளம் வயதினரை வைத்துத் தொடங்கியது. ஐந்து வருஷம் கழித்துக் கடைசிவரை வந்தவர்கள் 77 பேர்தான். இன்னொன்று, அமெரிக்காவில் 416 ஆண்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து பார்த்தது. நோயில்லாத, மாட்டிக்கொண்ட ஞானப்பல்லை எடுப்பதா விடுவதா என்று அடித்துச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே முடிவு. ஆனால் விட்டுவைத்தால் முன்பல்லின் ஈறு கெடுவதற்கான வாய்ப்பு நாளடைவில் கூடலாம் என்றும், அதனால் விட்டுவைக்கிறவர்கள் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பழைய ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச் நினைவுக்கு வந்தது. டெலிஃபோனை அடியோடு மறக்க முடியவில்லை, மன்னிக்கவும். அந்த எக்ஸ்சேஞ்ச் முழுக்க அசையும் பாகங்கள். ரிப்பேர் இருக்கிறதோ இல்லையோ, முறை வந்தால் ஒவ்வொரு ஸ்விட்சையும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்ட வேண்டும் என்று ஒரு கோஷ்டி. நன்றாக ஓடுவதைத் தொட்டால் தொட்ட இடத்தில்தான் புது ரிப்பேர் வரும், கெட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கோஷ்டி. கடைசியில் நிலைத்தது மூன்றாவது வழி. ஒழுங்காக டெஸ்ட் பண்ணு, அளவு எங்கே தப்புகிறதோ அங்கே மட்டும் கையை வை. நான் முழுக்க இந்த மூன்றாவது கோஷ்டி. பல்லிலும் அப்படியே.

கையை வைப்பதில் இருக்கும் அபாயத்தையும் சொல்ல வேண்டும். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் மாதிரி ஓடுகிறது. அதன் வழியே கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு போகிறது. நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பு பல்லின் உள்பக்கமாக, மிக அருகில் போகிறது. கீழ் ஞானப்பல்லை எடுக்கும்போது இவை நசுங்கினாலோ அடிபட்டாலோ உதடோ நாக்கோ மரத்துப்போகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் சரியாகிவிடுகிறது. நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்த ஒருவர் நாமாக இருந்தால்? காபி உதட்டில் வழிவது தெரியாமல் ஆயுசு முழுக்கத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். வேர் அந்தக் கால்வாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அபாயம் கூடுதல். இது தவிர, எடுத்த குழியில் உறைந்த ரத்தம் கழன்றுபோய் எலும்பு திறந்துகொண்டு, மூன்றாம் நாள் நாலாம் நாள் பிராணன் போகிற வலி வருவதும் உண்டு. சாதாரணமாகப் பல் பிடுங்கினால் வருவதைவிட, மாட்டிக்கொண்ட கீழ் ஞானப்பல்லில் இது பல மடங்கு அதிகம். மேல் ஞானப்பல் பொதுவாக இவ்வளவு தொந்தரவு தருவதில்லை.

இனி எங்கள் வீட்டுச் சமாசாரம். என் பேத்திக்கு 22 வயது. ஆகஸ்டில் அமெரிக்கா போக வேண்டும், ஜனவரியிலேயே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அவளுக்குப் பல்லில் ஒரு தொந்தரவும் கிடையாது. "தாத்தா, எனக்கு வலிக்கவே இல்லையே, எதுக்கு எடுக்கணும்?" என்பது அவள் கேள்வி. "அங்கே போய் பரீக்ஷை நேரத்தில் வலிச்சா என்ன பண்ணுவே?" என்பது என் பிள்ளையின் கேள்வி. "சும்மா இருக்கற பல்லைப் போய் யாராவது நோண்டுவாளா?" என்பது என் அகத்துக்காரி. என் மாட்டுப்பெண்தான் வாயே திறக்கவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. குழந்தை பதினோரு வருஷமாகப் புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறாள். உதடு மரத்துப்போனால் குழல் போச்சு. அதை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்று அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

முதலில் போன கிளினிக்கில் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நாலு ஞானப்பல்லையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம், பேக்கேஜ் இருக்கிறது" என்றார்கள். படம் எடுக்கவில்லை. எனக்கு அது ஒப்பவில்லை. இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் முதலில் ஓ.பி.ஜி. எடுக்கச் சொன்னார். மேல் தாடை, கீழ்த் தாடை, எல்லாப் பல்லும் வேரோடு ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே அது. செலவும் பிரமாதமில்லை. படம் வந்தது. ஞானப்பல் மொத்தம் மூன்றுதான்! மேலே இடது பக்கம் பிறவியிலேயே இல்லை. நாலு பல்லுக்குப் பேக்கேஜ் போட்டவர்கள் நாலாவதை எங்கிருந்து எடுத்திருப்பார்களோ.

அந்த டாக்டர் கெட்டிக்காரர், பொறுமைசாலியும்கூட. எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்து ஒவ்வொரு பல்லாக விளக்கினார். மேலே வலது பக்கத்துப் பல் நேராக முளைத்து, சுத்தமாக, பிரஷ் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. கீழே அதற்கு ஜோடி வெளியே வராததால் காலப்போக்கில் அது கொஞ்சம் கீழே இறங்கலாம், கன்னத்தைக் கடித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். கீழே வலது பக்கத்துப் பல் எலும்புக்குள் முழுதாகப் புதைந்திருக்கிறது. வாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, முன்பல்லுக்கும் சேதமில்லை. ஆனால் அதன் வேர் நுனி நரம்புக் கால்வாயின்மேல் நிழலாக விழுகிறது. நோய் ஒன்றுமில்லை, எடுத்தால் அபாயம் அதிகம். விட்டுவிட்டுப் பார்ப்போம் என்றார். பின்னால் அவசியம் வந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் இருக்கிறதாம்.

கீழே இடது பக்கத்துப் பல்தான் வில்லன். முன்பக்கம் சாய்ந்து, ஒரு மூலை மட்டும் ஈறுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. படத்தில் முன்பல்லின் பின்புறக் கழுத்தில் சின்னதாக ஒரு கறுப்பு நிழல். சொத்தை ஆரம்பம். வலி? துளிக்கூடக் கிடையாது. "இதை இரண்டு வருஷம் விட்டால் முன்பல்லுக்கு ரூட் கனால், அல்லது அதுவும் போய்விடும். இப்போது எடுத்தால் முன்பல்லை அடைத்துக் காப்பாற்றலாம்" என்றார். அந்தப் பக்கத்தில் வேருக்கும் நரம்புக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது.

அப்போதுதான் மாட்டுப்பெண் குழல் விஷயத்தைக் கேட்டாள். டாக்டர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அபாயம் பூஜ்யம் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் இந்தப் பக்கம் மிகக் குறைவு, அந்தப் பக்கம் கூடுதல், அதனால்தான் அதைத் தொடாதே என்கிறேன் என்று படத்தில் பென்சிலால் காட்டினார். என் பிள்ளைக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. மூன்றையும் எடுத்துவிட்டால் ஒரே கவலை, ஒரே செலவு என்றான். தீர்மானம் பேத்தியுடையது என்று நான் சொன்னேன். 22 வயதுப் பெண், அவள் வாய், அவள் குழல். அவள் படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இடது கீழ்ப் பல்லை மட்டும் எடுத்துக்கறேன், மத்த ரெண்டும் இருக்கட்டும்" என்றாள்.

ஏப்ரலில் எடுத்தார்கள். அந்த இடம் மட்டும் மரக்க ஊசி போட்டு முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. நாலு நாள் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. ரசம் சாதம், மோர்க் கஞ்சி. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது, உறைந்த ரத்தம் கழன்றுவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்று வாரம் குழலைத் தொடவில்லை. உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பல்லை ஜூனில் அடைத்தார்கள். ஆகஸ்டில் ஏறும்போது அந்த எக்ஸ்ரேயின் பிரதியைப் பெட்டியில் வைத்து அனுப்பினேன். லீவில் வரும்போதெல்லாம் மற்ற இரண்டையும் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தம்.

இதில் வெளிநாடு போகும் பிள்ளைகளின் பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது தேதி. டிக்கெட் வாங்கி, பெட்டி கட்டி, புறப்படும் வாரத்தில் பல் எடுக்கிறார்கள். குழியில் தொந்தரவு வந்தால் விமானத்தில்தான் வரும், உதடு மரத்துப்போனால் அங்கே போய் யாரிடம் காட்டுவது? எடுப்பதாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே எடுங்கள். அதற்கு நேரமில்லை, நோயும் இல்லை என்றால், அவசரத்துக்காக எடுக்காமல் பல்லைப் பல்தூள் விளம்பரம் மாதிரிச் சிரித்துக்கொண்டே அனுப்பிவையுங்கள்.

நம் வயதுக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு 70 வயதில் வேறு பல்லுக்காக எக்ஸ்ரே எடுத்தபோது, கீழ்த்தாடையில் ஒரு ஞானப்பல் படுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஐம்பது வருஷமாக எனக்குத் தெரியாமல் குடியிருக்கிறது, வாடகையும் தரவில்லை, தொந்தரவும் தரவில்லை. பேத்திக்குச் சொன்ன அதே டாக்டர், உங்களுடையதைத் தொடவே வேண்டாம் என்றார். நம் வயதில் எலும்பு கெட்டிப்பட்டுவிடுகிறது, பல் அதில் இறுகியிருக்கும், தோண்டினால் தாடையே பலவீனப்படும், ஆறுவதும் தாமதம். அதற்காக மறந்துவிடக்கூடாது, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார். அப்படியே செய்துவருகிறேன்.

உரை முடிந்ததும் சில கேள்விகள் வந்தன. அவற்றையும் எழுதச் சொல்லி ஆசிரியர் கேட்டுக்கொண்டார்.

ஒரு மாமி, ஞானப்பல் இடிப்பதால்தான் முன்பல் கோணலாகிறது என்கிறார்களே, பேத்திக்குக் கம்பி கட்டி இவ்வளவு செலவு செய்தோமே என்றார். பலரும் அப்படி நம்புகிறார்கள். நான் சொன்ன அந்த இங்கிலாந்து ஆய்வு இதைத்தான் சோதித்தது. எடுத்தவர்களுக்கும் விட்டவர்களுக்கும் முன்பல் நெருக்கத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. கம்பி கட்டி முடிந்தபின் தரும் ரிடெய்னரை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொருவர், பேரன் ராணுவத்துக்கு முயற்சி செய்கிறான், ஞானப்பல் இல்லாவிட்டால் தள்ளிவிடுவார்களா என்று கேட்டார். நல்ல கேள்வி. ராணுவ மருத்துவப் பரிசோதனையில் பல்லுக்கு மார்க் உண்டு. மேலும் கீழும் ஜோடியாகச் சேரும் பல்லுக்குத்தான் கணக்கு. முன்பற்களுக்கும் சின்னக் கடைவாய்ப் பற்களுக்கும் ஜோடிக்கு ஒன்று, ஆகப் பத்து. பெரிய கடைவாய்ப் பற்களில் முதல் இரண்டுக்கும் ஜோடிக்கு இரண்டு, ஆக எட்டு. நன்றாக வளர்ந்த ஞானப்பல்லுக்கு ஜோடிக்கு இரண்டு, ஆக நாலு. மொத்தம் 22. தேவை 14 மார்க். நாலு ஞானப்பல்லும் போனாலும் மீதி எல்லாம் ஒழுங்காக இருந்தால் 18 கிடைக்கும். ஞானப்பல்லைக் காப்பாற்றுகிறேன் என்று முன்பல்லைச் சொத்தையாக விட்டால்தான் மார்க் போகும்.

கடைசியாக ஒரு பெரியவர், பல் செட் போட்டுக்கொள்ளப் போகிறேன், அடியில் ஒரு ஞானப்பல் புதைந்திருக்கிறதாம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறேன், என்ன செய்வது என்றார். செட்டின் அழுத்தத்தில் எலும்பு தேய்ந்து, புதைந்த பல் வருஷங்கள் கழித்து மேலே தலைகாட்டுவது உண்டு. அதனால் செட் செய்பவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிவிட்டே ஆரம்பியுங்கள். மாத்திரையைப் பல் டாக்டருக்காகத் தாமாக நிறுத்தவே கூடாது, இருதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். அதோடு மாமிகள் பலர் எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ எடுத்துக்கொள்கிறார்கள். அலெண்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் ஆஸிட் என்ற பெயர்களில் வரும். அந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவது உண்டு. பல் டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே மருந்துச் சீட்டை எடுத்துக் காட்ட வேண்டும். மருந்தை ஆரம்பிப்பதற்கு முன்பே பல்லை ஒரு தடவை பார்த்துக்கொண்டுவிட்டால் இன்னும் நல்லது.

என் ஓ.பி.ஜி. படத்தை எடுத்து வந்திருக்கிறேன். படுத்திருக்கும் ஞானப்பல் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் காபி சாப்பிட்டுவிட்டு ஜன்னல் பக்கம் வரலாம், அங்கேதான் வெளிச்சம் இருக்கிறது.